முதுகுவலி மாத்திரை: உள்ளே என்ன, எத்தனை நாள்?

"அண்ணா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஏதாவது மாத்திரை குடுங்க." சென்னையில் எந்தத் தெருமுனை மருந்துக் கடையிலும் கேட்கக்கூடிய வாசகம் இது. கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் வெட்டி, நான்கு மாத்திரையைச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று எழுதித் தருவார். வீட்டுக்கு வந்து அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால் மருந்தின் பெயரில் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி மீதி அட்டையோடு கடையிலேயே தங்கியிருக்கும்.

அந்த நான்கு மாத்திரையும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: அழற்சியை, அதாவது அடிபட்ட இடம் வீங்கி வலிப்பதை, குறைக்கும் வலி மாத்திரைகள். டாக்டர்கள் பேச்சில் 'என்செயிட்'. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்சிப், மெஃபனமிக் அமிலம், நிமெசுலைடு, ஆஸ்பிரின் எல்லாம் இதில் அடக்கம். பாராசிட்டமால் இதில் சேராது. அது காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். அழற்சியைக் குறைப்பது மிகச் சொற்பம். டோலோவும் வோவரானும் 'ரெண்டும் வலி மாத்திரைதானே' என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடுகிறவர்கள் நிறைய. முன்னது பாராசிட்டமால், பின்னது டைக்ளோஃபெனாக். ஆபத்துகளும் வேறு வேறு.

தசையோ தசைநாரோ மூட்டோ அடிபட்டால், அந்த இடத்துச் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கும். ரத்தக் குழாய் விரியும், இடம் வீங்கும், நரம்பு நுனிகளின் உணர்வு கூடிவிடும். படுக்கையில் சும்மா புரண்டாலே சுருக்கென்று குத்துவது அதனால்தான். இந்தப் பொருளை உண்டாக்கும் நொதிக்கு காக்ஸ் என்று பெயர். மாத்திரை அந்த நொதியை அடைக்கிறது. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்து அப்போதே எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆனால் புரோஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் உண்டாக்கும் பொருள் அல்ல. இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் கொழகொழப்பான படலத்தைச் சுரக்கச் செய்வதும் அதுதான். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைப்பதும் அதுதான். மாத்திரைக்கு இடுப்பு எது, இரைப்பை எது என்று தெரியாது. விழுங்கிய பிறகு எல்லா இடத்திலும்தான் அடைக்கும். இனி வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு உண்மையிலிருந்து வருபவை.

எவ்வளவு வலி குறையும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவுதான். திடீரென்று வந்த இடுப்பு வலிக்கு இந்த மாத்திரைகளைச் சோதித்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் தொகுத்தது. வலியை 0 முதல் 100 வரை அளந்தால், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்குச் சராசரியாக 7 புள்ளிதான் கூடுதலாகக் குறைந்தது. உதாரணத்துக்கு, 60இல் இருக்கும் வலி சில நாளில் தானாகவே 40க்கு இறங்கும் என்றால், மாத்திரை போட்டவருக்கு 33க்கு இறங்கும். சிலருக்கு இதைவிட நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்கவே கேட்காது.

பாராசிட்டமால் மட்டும் போட்டால்? ஆஸ்திரேலியாவில் 1,600க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. நேரம் தவறாமல் பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக 17 நாள், வலிக்கும்போது மட்டும் எடுத்தவர்களுக்கு 17 நாள், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள் ஆனது. இடுப்பு வலிக்குப் பாராசிட்டமாலை மட்டும் நம்ப வேண்டாம் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்வதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம். அழற்சியைக் குறைக்கும் மாத்திரை ஆகாதவர்களுக்கு வேறு வழியில்லாதபோது அது கைகொடுக்கும், அவ்வளவுதான்.

இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல இழுக்கும் வலி வேறு ரகம். அங்கே நரம்பு நசுங்குகிறது. அதில் இந்த மாத்திரைகள் தெளிவாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கழுத்து வலிக்கு நடந்த ஆய்வுகள் இடுப்பு வலிக்கு நடந்தவற்றைவிடக் குறைவு. காலையில் எழும்போது கழுத்து ஒரு பக்கமாகச் சுளுக்கிக்கொண்டது போன்ற புது வலிக்கு அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். 'வாயுப் பிடிப்பு' என்று கேஸ் மாத்திரை போடுவதால் மட்டும் தசைப் பிடிப்பு விடாது.

சுமாராகத்தான் வேலை செய்யும் என்றால் எதற்குப் போட வேண்டும்? புதிதாக வந்த முதுகுவலியில் பெரும்பாலானவை நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் தானாகவே நன்கு குறைந்துவிடும். அதுவரை கட்டிலில் கிடந்தால் தசை இறுகி வலி நீளும். நடப்பவர்களுக்குச் சீக்கிரம் சரியாகும். முதல் சில நாள், எழுந்து குளிக்கவும் தெருக்கோடி வரை நடந்து வரவும் முடிகிற அளவுக்கு வலியைத் தணிப்பதுதான் மாத்திரையின் வேலை. போட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருந்தால் அதன் பயனே போய்விடும். போட்ட தைரியத்தில் தண்ணீர் கேனைத் தூக்கி மாடி ஏறினாலும் அப்படித்தான்.

போடும் முறை

இவற்றில் பெரும்பாலானவை டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கவேண்டியவை. அட்டையில் உள்ள சிவப்புக் கோடு அதற்குத்தான். 60 வயதுக்குள், வேறு நோயோ மாத்திரையோ இல்லாத ஒருவருக்கு வழக்கமாக எழுதும் அளவு இப்படி இருக்கும். ஐபுபுரூஃபென் 400 மி.கி. எட்டு மணிக்கு ஒன்று, ஒரு நாளைக்கு 1,200 மி.கி.யைத் தாண்டாமல். அல்லது நாப்ராக்ஸன் 250 மி.கி. காலை, இரவு, தேவைப்பட்டால் 500. அல்லது அசிக்ளோஃபெனாக் 100 மி.கி. இரு வேளை. டைக்ளோஃபெனாக் என்றால் 50 மி.கி. இரண்டு அல்லது மூன்று வேளை, 150 மி.கி.தான் ஒரு நாள் உச்சம். இவற்றில் ஏதாவது ஒன்றுதான், இரண்டு கூடாது. எட்டோரிகாக்சிப் 120 மி.கி. கடுமையான கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்) வலிக்கான அளவு, அதுவும் எட்டு நாளுக்குமேல் இல்லை. முதுகுக்கு அந்த அளவு எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் நேரம் தவறாமல் போடுவது நல்லது. வலி உச்சிக்கு ஏறும்வரை பொறுத்திருந்து ஒன்று போட்டால், அது வேலை தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். 'கேட்கலையே' என்று அதற்குள் இன்னொன்று போடுவார்கள். இட்லியோ மோர்சாதமோ சாப்பிட்டபின், ஒரு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்கக்கூடாது; மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகும். விரத நாளில் போடவேண்டாம். எஸ்.ஆர். என்று பெயர் முடியும் மாத்திரையை உடைக்கவோ நசுக்கவோ கூடாது: நாள் முழுக்க மெல்லக் கரையவேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள்.

மூன்றாம் நாள் ஒரு கணக்குப் பாருங்கள். எழுந்து நடப்பது சுலபமாகியிருக்கிறதா? ஆகியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் தொடரலாம். துளியும் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்டாமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். இதே குடும்பத்தில் வேறொன்றை ஒருமுறை மாற்றிப் பார்ப்பது உண்டு. வலி நான்காம் நாளே போய்விட்டால் நான்காம் நாளே நிறுத்திவிடலாம். 'கோர்ஸை முடிக்கணும்' என்ற விதி ஆன்டிபயாடிக்குக்கு உரியது. அதை வலி மாத்திரைக்குப் பொருத்தி, வலியே இல்லாமல் பத்து நாள் அட்டையைக் காலி செய்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஏழு நாளைக்குமேல் தேவைப்பட்டால் யாராவது மறுபடி பரிசோதித்துச் சொல்லவேண்டும்.

ஜெல் பற்றிக் கொஞ்சம். டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு, அதனால் வயதானவர்களுக்குப் பாதுகாப்பு அதிகம். கை விரல், முழங்கால் போன்ற தோலுக்கு அருகிலுள்ள மூட்டுகளில் நன்றாகக் கேட்கும். கழுத்திலும் ஓரளவு உதவும். இடுப்பில் தசை ஆழமாக இருப்பதால் பலன் குறைவு. தடவிய இடத்தில் சூடான ஒத்தடம் வைக்கவேண்டாம். வெறும் வெந்நீர்ப் பை பதினைந்து இருபது நிமிடம் வைப்பது எந்த மருந்தோடும் மோதாத நல்ல உதவி.

அட்டையின் பின்புறம்

எங்கள் பார்வையில் மிக அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான். இங்கே விற்கும் முதுகுவலி மாத்திரைகளில் பல, கூட்டு மாத்திரைகள். ஒரு அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., செரேஷியோபெப்டிடேஸ் 15 மி.கி. என்று மூன்று பெயர் இருக்கும். மூன்றாவது பொருள் முதுகுவலிக்கு உதவும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. இன்னொரு அட்டையில் அதற்குப் பதில் டிசானிடின் அல்லது தியோகோல்சிகோசைடு இருக்கும். இவை தசை தளர்த்திகள். அமெரிக்காவில் நாப்ராக்ஸனோடு ஒரு தசை தளர்த்தியைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு வாரம் கழித்து, நாப்ராக்ஸன் மட்டும் போட்டவர்களைவிட அவர்கள் எந்த வகையிலும் மேலாக இல்லை. தூக்கமும் மயக்கமும் மட்டும் கூடும். இரவு டிசானிடின் போட்டுவிட்டு விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ஓ.எம்.ஆரில் போவது ஆபத்து. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாள்களில் டிசானிடின் கூடவே கூடாது. அதன் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

இப்போது ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள். டாக்டர் எழுதிய அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரை காலையும் இரவும். மதியம் வலி தாங்காமல் அலமாரியில் இருந்த காம்பிஃப்ளாம் ஒன்று. அதில் ஐபுபுரூஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. வீட்டுப் பெண்ணுக்கு மாதவிடாய் வலி என்றால் மெஃப்டால் ஸ்பாஸும் சேரும். அதிலுள்ள மெஃபனமிக் அமிலமும் இதே குடும்பம்தான். ஒரே நாளில் இரண்டு மூன்று என்செயிட் உள்ளே போய்விடுகிறது. வலி கூடுதலாகக் குறையாது, ரத்தக்கசிவும் சிறுநீரகச் சேதமும் மட்டும் அதிகமாக வாய்ப்பிருக்கிறது. ஆகவே துண்டு அட்டை வாங்காதீர்கள். வாங்கினால் பெயர் முழுதாகத் தெரியும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது கடையிலேயே அட்டையின் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி வாங்கும் பழக்கம் வரும், விலையும் குறைவு.

யாருக்கு ஆகாது?

சிறுநீரகத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அது வலிக்காமல் கெடும். பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், லொசார்ட்டான், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ஒன்று; கூடவே நீர் போகும் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் அல்லது ஃப்ரூசிமைடு. பெயருக்குப் பின்னால் 'எச்' என்று முடியும் டெல்மிசார்ட்டான் மாத்திரையில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இதோடு வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் சுருங்குகிறது, வெளியேறும் குழாய் தளர்கிறது, ரத்தத்தின் அளவே குறைகிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தம் சரிந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், அல்லது வாந்தி பேதியின்போது இப்படி நடந்தால் நிலைமை வேகமாக மோசமாகும். நம் ஊரில் பிரஷரும் சர்க்கரையும் இல்லாத வீடு அபூர்வம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அதே திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. முதுகுவலியைச் சொல்லி அதைக் கேளுங்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரியாமல் ஒரு வலி மாத்திரைகூட விழுங்கக் கூடாது.

இந்த இடத்தில் பிணந்தின்னிக் கழுகுகளை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. வலிக்காக டைக்ளோஃபெனாக் போடப்பட்ட மாடுகள் இறந்து, அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015இல் ஊசிக் குப்பியை 3 மி.லி. ஒற்றை டோஸாகக் குறைத்தார்கள். முதுமலை, மாயாறு பக்கம் இன்று மிஞ்சியிருப்பவை சொற்பம். நமக்குச் சிறுநீரகம் அத்தனை மென்மை இல்லை. ஆனாலும் அடைபடுவது நமக்கும் அதே நொதிதான்.

இரைப்பையைப் பற்றிப் பலருக்குத் தெரியும், அரைகுறையாக. 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள், மது குடிப்பவர்கள் ஆகியோருக்கு ரத்தக்கசிவு ஆபத்து அதிகம். தவிர்க்கவே முடியாமல் டாக்டர் எழுதினால், பான்டோப்ரசோல் 40 மி.கி. அல்லது ஓமெப்ரசோல் 20 மி.கி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் சேர்த்துத் தருவார். அது இரைப்பையைக் காக்கும். சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்காது. ஊசியாகப் போட்டால் வயிறு தப்பிக்கும் என்பதும் தவறு. ரத்தத்தின் வழியாகவே படலம் கெடுகிறது, வாய் வழியாகப் போனாலும் இடுப்பு வழியாகப் போனாலும் ஒன்றுதான். மலம் தார் போல் கருத்து நாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளைத் தள்ளாதீர்கள்.

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இந்தக் குடும்பத்தையே தவிர்க்கவேண்டும். டைக்ளோஃபெனாக்கை இவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவித்தது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 போடுபவர் ஐபுபுரூஃபென் எடுத்தால், ஆஸ்பிரின் உட்காரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டு அதன் காவலைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பின் கூடாது. வலி மாத்திரையால் முன்பு மூச்சிரைப்பு வந்த ஆஸ்துமாக்காரர்கள் தொடவே கூடாது.

சென்னைக்கென்று ஒன்று சொல்லியாக வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, மழைக்காலத்தில், காய்ச்சலோடு முதுகும் உடம்பும் முறிவது போல் வலித்தால் அது டெங்குவாக இருக்கலாம். ரத்தத் தட்டணுக்கள் இறங்கும் நோயில் இந்த மாத்திரை ரத்தப்போக்கைத் தூண்டும். எலிக்காய்ச்சலிலும் முதுகும் ஆடுதசையும் வலிக்கும், சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். காய்ச்சல் இருக்கும்வரை பாராசிட்டமாலும் தண்ணீரும் ரத்தப் பரிசோதனையும்தான்.

சில வலிகளுக்கு மாத்திரை போட்டுக் காத்திருப்பதே தவறு. சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ அடைத்துக்கொண்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரி. கழுத்து வலியோடு சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவதும் நடை தள்ளாடுவதும் தண்டுவடம் நசுங்கும் அறிகுறி. கழுத்து, தாடை, இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் 108. வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்கவேண்டும். வலி மாத்திரை அதை மாதக்கணக்கில் மறைத்து வைக்கும்.

ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிடுங்கள் என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. 45 வயதுக்குள் தொடங்கிய முதுகுவலி, மூன்று மாதத்துக்குமேல் நீடிக்கிறது, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, காலையில் அரை மணிக்குமேல் விறைப்பு, நடந்தால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது. இது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் நாள்பட்ட அழற்சி நோயாக இருக்கலாம். இதில் இந்த மாத்திரைகள் சுமாராக அல்ல, அபாரமாகக் கேட்கும். முழு அளவு போட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே தெரியும். இவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையில் மாதக்கணக்கிலும் தருவார்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. போகும்போது பழைய அட்டைகளை எடுத்துப்போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எத்தனை மணி நேரத்தில் வலி விட்டது, நிறுத்தி எத்தனை நாளில் திரும்பியது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.